சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பேட்டரி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் கார் கிளம்பாத ஒரு காலையில் பிறந்தது. சாவியைத் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியிலிருந்து கரன்ட் கொடுக்க ஒயரோடு வந்தார். பானெட்டைத் தூக்கி இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். பேட்டரியைக் காணோம். திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவர் அடித்துச் சொன்னார். போலீசுக்குப் போன் போடும் அளவுக்கு வந்துவிட்டார்.

வண்டியோடு கொடுத்த கையேட்டைப் பிரித்துப் பார்த்தேன். பேட்டரியை மாற்ற, முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றவும் என்று போட்டிருந்தது. பல் வலி என்று போனவனிடம் டாக்டர் செருப்பைக் கழற்றச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

ஆள் வரவழைத்தேன். ஒரு கணவனும் மனைவியும் வேனில் வந்து இறங்கினார்கள். அவர் சக்கரத்தைக் கழற்றி, அது இருந்த பள்ளத்துக்குள் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மா பானெட் பக்கம் நின்று, ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்துக்குள் முழங்கைவரை கையை விட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. இடையில் இப்படிப் பேசிக்கொண்டார்கள்:

"கறுப்பு போச்சு."

"போச்சு."

"சிவப்பு போச்சு."

"போச்சு."

"வருது."

"இருக்கேன்."

அந்த "இருக்கேன்" வந்ததும் பேட்டரி பொத்தென்று அவர் மடியில் இறங்கியது. புதியதை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சொல் மட்டும் போகவில்லை. சாப்பிடும்போது வந்தது, குளிக்கும்போது வந்தது. சரி, எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன்.

(மற்றதெல்லாம் என் கற்பனை. அவர்கள் சண்டையே போடாத தம்பதியாகக்கூட இருக்கலாம். அப்படியானால் அவர்கள் என்னை மன்னிக்கட்டும்.)

2

தொடக்கம் சுலபமாக அமையவில்லை. கிழித்துப் போட்டவற்றை மறைக்காமல் காட்டிவிடுகிறேன்.

*கார் செய்கிறவர்களுக்கும் கார் பழுதுபார்க்கிறவர்களுக்கும் ஜென்மப் பகை. செய்கிறவன் தன் வண்டி ஒருநாள் நின்றுபோகும் என்பதையே நம்புவதில்லை. ஆகவே பேட்டரியை சீட்டுக்கு அடியிலும், டிக்கிக்குள்ளும், சக்கரத்துக்குப் பின்னாலும் —*

இது கட்டுரை. விட்டுவிட்டேன்.

*அவளுடைய கைகள் மிகச் சிறியவை. மல்லிகை மொட்டைப் போன்ற —*

இங்கே என் அக்காவை அறிமுகப்படுத்தியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். நான் எழுதுவதை முதலில் படிப்பது அவள்தான். பாராட்டி எனக்கு நினைவில்லை. "மல்லிகை" வந்த இடத்திலேயே பேப்பரைக் கீழே வைத்துவிட்டாள். கிரீஸ் அப்பின கையில் என்ன மொட்டு வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

*அன்று காலையிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.*

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

3

அன்று காலையிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உதிரிபாகக் கடைகள் இருக்கும் தெருவில் அவனை "டார்ச்" என்றும் அவளைச் "சின்னக்கை" என்றும் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் அவள் கையை விட, அவன் டார்ச் லைட்டைப் பிடிக்க, யாரோ ஒரு கடைக்காரர் வைத்த பெயர்கள் ஒட்டிக்கொண்டன. டார்ச்சுக்கு அகன்ற தோள், பெரிய கை. சாதாரண வண்டிகளை அவனே பார்த்துவிடுவான். இந்த ஒரு மாடலில் மட்டும் அவன் கை மணிக்கட்டோடு நின்றுவிடும்.

விஷயம் இதுதான். இந்த மாடலில் பேட்டரி சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரத்தையும் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்தால் அதன் முகம் தெரியும். அதைப் பிடித்திருக்கும் போல்ட் முதுகுப் பக்கம். கீழே உட்காருகிறவனுக்கு போல்ட் தெரியும், எட்டாது. மேலே நிற்கிறவளுக்கு எட்டும், தெரியாது. "இன்னும் கொஞ்சம் உள்ள, இடது பக்கம், அதான்" என்று அவன் சொல்லச் சொல்ல அவள் தடவிக் கண்டுபிடிப்பாள். கறுப்பு ஒயரை முதலில் கழற்ற வேண்டும், சிவப்பு அதற்கப்புறம். மாறினால் பொறி பறக்கும். ஆகவே கழற்றியதை அவள் சொல்வாள், அவன் திருப்பிச் சொல்வான்.

கடைசியில்தான் ஆபத்து. பேட்டரி உட்காரும் தட்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். போல்ட் கழன்ற நொடியில் அவ்வளவு கனமும் சறுக்கி வந்துவிடும். கடைசிச் சுற்றுக்கு முன் அவள் நிறுத்துவாள். "வருது" என்பாள். அவன் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு "இருக்கேன்" என்பான். அதைக் காதால் கேட்டால்தான் அவள் சுற்றுவாள்.

இவ்வளவு வருஷத்தில் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. ஆனால் வேலைச் சொற்கள் சண்டைக் கணக்கில் சேராது என்பது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே "வருது" என்பாள், அவனும் விறைப்பாக "இருக்கேன்" என்பான். இந்த முறை அந்தச் சொற்களும் நின்றுபோயின.

4

என்ன சண்டை?

காது மெஷின் விற்றுப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் சின்னக்கையை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நுணுக்கமான வேலை. மேஜை, நாற்காலி, தலைக்கு மேல் விளக்கு. ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது அவள் இதைச் சொன்னாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன் என்றாள். போனைப் பார்த்துக்கொண்டிருந்த டார்ச் "ம்" என்றான்.

அடுத்த நாளே ஒரு டாக்சிக் கம்பெனி முதலாளி அவனைக் கூப்பிட்டார். அவரிடம் இருப்பதெல்லாம் இதே மாடல். எல்லாவற்றுக்கும் பேட்டரி ஆயுள் முடியும் தறுவாய். மற்ற மெக்கானிக்குகள் பம்பரையே கழற்றி வண்டியை நாள் முழுக்கப் படுக்கப் போடுகிறார்களாம். எங்களை விட்டால் ஆளே கிடையாது, எல்லா வண்டியும் நாங்களே பார்க்கிறோம் என்று டார்ச் வாக்குக் கொடுத்துவிட்டான். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சொன்னான்.

அவள் பாத்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"யாரு கையை நம்பிச் சொன்னீங்க?"

"நம்ம கைதான்."

"என் கை. என்னைக் கேட்டீங்களா?"

காது மெஷின் கடை விஷயத்தை நீ சும்மா சொன்னாய் என்று நினைத்தேன் என்று அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். அது பொய். அவன் காதில் நன்றாகத்தான் விழுந்தது. கேட்டால் போய்விடுவாளோ என்று பயந்து கேட்காமல் இருந்துவிட்டான். இந்தப் பயம் அவனுக்கே அப்போது தெரிந்ததா என்பது எனக்குச் சந்தேகம். அவன் தோளுக்குப் பின்னால் நின்று எழுதுகிறேன், ஆகவே இந்த அளவுக்குச் சொல்ல முடிகிறது. அவள் பக்கம் போக எத்தனையோ தடவை முயன்றேன். மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது.

(காது மெஷின் கடை ரொம்ப வசதியாக இருக்கிறதே, புருஷன் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதற்காகவா என்றாள் அக்கா. கைக்கடிகாரக் கடை என்று மாற்றிப் பார்த்தேன், மூக்குக்கண்ணாடிக் கடை என்று மாற்றிப் பார்த்தேன். இரண்டும் யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி இருந்தது. அந்தக் கடை அப்படியே இருக்கட்டும்.)

(இன்னொன்று. மோதிரம் பேட்டரியில் பட்டால் விரல் வெந்துபோகும், ஆகவே வேலைக்கு முன் அவள் மோதிரத்தைக் கழற்றி அவனிடம் கொடுப்பது வழக்கம். அன்று அவனிடம் கொடுக்காமல் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள். இப்படி ஒரு பத்தி இருந்தது. படிக்கிறவர்கள் மோதிரத்தைப் பிடித்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவார்கள் என்று எடுத்துவிட்டேன். நீங்களும் மறந்துவிடுங்கள்.)

5

மறுநாள் சோதனைக்கு ஒரு வண்டி. அதை முதலாளி நின்று பார்க்கப்போகிறார். பிடித்துப்போனால் எல்லா வண்டிகளும் இவர்களுக்குத்தான். அன்று சாயங்காலம் கடை மூடுவதற்குள், வருகிறேன் அல்லது வரவில்லை என்று சின்னக்கை காது மெஷின்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே நாளில் வருவது என் கைவேலை என்று உங்களுக்கே தெரியும். வாழ்க்கையில் இவை ஒரு வாரம் தள்ளித்தான் வந்திருக்கும்.

அவள் வரமாட்டாள் என்று டார்ச் பயந்தான். வந்து வேனில் ஏறி உட்கார்ந்தாள். வாக்கைக் காப்பாற்ற வந்தாளா, கடைசியாக ஒரு தடவை என்று வந்தாளா என்று வழியெல்லாம் அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஷெட் நீளமாக இருந்தது, தகரக் கூரை. வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு மூலையில் தண்ணீர்க் குழாய், சோப்பு வைத்த டப்பா. முதலாளி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டார்ச் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, மறைப்பின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தான். பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தான். மேலே அவள் கை இறங்குவது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. வழக்கமாக "இடது பக்கம்" என்று சொல்லியிருப்பான். அவளாகவே இடது பக்கம் போனாள். இத்தனை நாளில் அந்தக் கைக்கு வழி மனப்பாடம்.

கறுப்பு ஒயர் கழன்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்பு கழன்றது. அப்போதும் இல்லை. முதலாளிக்கு ஒரே ஆச்சரியம். எவ்வளவு அமைதியாக வேலை செய்கிறார்கள் பார் என்று பக்கத்தில் நின்ற டிரைவரிடம் மெச்சிக்கொண்டார்.

பிறகு கை நின்றது.

கடைசிச் சுற்று என்று டார்ச்சுக்குத் தெரியும். டார்ச் லைட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டான். அவனுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். வாயைத் திறக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. "இருக்கேன்" என்று அவனே முந்திக்கொண்டு சொல்லியிருக்கலாம். ஆனால் "வருது" என்று அவள் சொல்லாமல் அவன் எப்போதும் அதைச் சொன்னதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி இருக்கும் என்று கூச்சப்பட்டான்.

சின்னக்கை மற்றொரு கையில் இருந்த ஸ்பேனரால் வண்டியின் தகட்டை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"வருது" என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். அவனோ வெளிச்சம் போதவில்லை என்று அவள் சொல்வதாக எடுத்துக்கொண்டான். ஏந்தியிருந்த ஒரு கையை எடுத்து டார்ச் லைட்டை உயர்த்தினான். வெளிச்சம் நகர்ந்ததைப் பார்த்து, சரி, அவன் தயார் என்று அவள் நினைத்தாள். சுற்றிவிட்டாள்.

6

பேட்டரி ஒற்றைக் கையில் விழுந்தது. தாங்குமா? மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரல் பேட்டரிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. டார்ச் லைட் உருண்டு வண்டிக்கு அடியில் போனது. முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"இருக்கேன்."

எழுதும்போது இந்த இடத்தில் நான் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். எல்லாம் விழுந்த பிறகு "இருக்கேன்" என்கிறான். சின்னக்கையும் சிரிக்கிறாள் என்று முதலில் எழுதியிருந்தேன். விரல் நசுங்கிக் கிடக்கிறது, எந்தப் பெண்டாட்டி சிரிப்பாள் என்று அக்கா அடித்துவிட்டாள். அழுகிறாள் என்று மாற்றினேன். அதையும் அடித்துவிட்டாள். உண்மை என்னவென்றால் டார்ச்சுக்கு அவள் முகம் தெரியவில்லை. அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஓடிவந்த செருப்புகள்தான் தெரிந்தன.

அவள் குனிந்து பேட்டரியை நகர்த்தினாள். துணியைக் கிழித்து விரலைச் சுற்றிக் கட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் புதுப் பேட்டரியை மாட்டும்போது மேலேயிருந்து குரல் வந்தது.

"சிவப்பு போட்டாச்சு."

"போட்டாச்சு," என்றான் அவன், கொஞ்சம் சத்தமாகவே.

"கறுப்பு போட்டாச்சு."

"போட்டாச்சு."

வண்டி முதல் திருப்பிலேயே உறுமியது. கையில் அடிபட்டும்கூட மற்றவர்கள் ஒரு நாள் எடுக்கும் வேலையை ஒரு காலைப் பொழுதில் முடித்திருந்தார்கள். சின்னக்கை ஷெட்டின் மறுமூலைக்குக் கை கழுவப் போனாள்.

முதலாளி தாராளமான மனுஷர், ஆனால் அவசரக்காரர். நிற்கிற வண்டி எல்லாம் உங்களுக்குத்தான் என்றார். "ஒரு நாளைக்கு எத்தனை வண்டி முடிப்பீங்க? இப்பவே சொல்லிடுப்பா. இல்லன்னா நான் வேற ஆளைப் பாக்கணும்."

7

இங்கேதான் நான் பல நாள் மாட்டிக்கொண்டேன். டார்ச் என்ன சொன்னான்?

முதல் முடிவு. பழக்க தோஷத்தில் "மூணு" என்றான். கதை அங்கே செத்துவிடும். அவனும்தான்.

இரண்டாவது முடிவு. கை கழுவிவிட்டு அவள் திரும்பி வரும் வரை காத்திருந்தான். பிறகு, "கை அவங்களோடது, அவங்களைக் கேளுங்க" என்று முதலாளியிடம் சொன்னான். இதை எழுதியதும் எனக்கே என்மீது மரியாதை வந்துவிட்டது. அக்காவிடம் ஓடினேன்.

அக்கா படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"நாலு பேர் முன்னாடி கேட்டா அவ எப்படிடா மாட்டேன்னு சொல்லுவா? புருஷன் மானம் போயிடும்னு தலையை ஆட்டிடுவா. இதுக்கு அவன் 'மூணு'ன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

அப்படியானால் அவன் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டேன். விடைத்தாளைத் திருத்திக்கொண்டே, "அவ இல்லாதப்போ செய்யச் சொல்லு" என்றாள்.

ஆகவே மூன்றாவது முடிவு. இதைத்தான் நான் நம்புகிறேன்.

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. சின்னக்கை சோப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், இங்கே பேசுவது அவளுக்குக் கேட்காது. டார்ச் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நாளைக்குச் சொல்றேண்ணே."

"என்னப்பா இது? நேத்து நீதானே வாக்குக் குடுத்தே?"

"குடுத்தது தப்பு. என்னால மட்டும் இந்த வண்டியைத் தொட முடியாது. வேற ஆளைப் பாக்கறதுன்னா பாருங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

முதலாளி உதட்டைப் பிதுக்கினார். நாளை மத்தியானம் வரைக்கும்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த ஷெட்டில் நின்ற வண்டிகளை டார்ச் ஒரு தடவை பார்த்தான். அவ்வளவு வேலை அவன் வாழ்நாளில் ஒரே இடத்தில் நின்று பார்த்ததில்லை.

8

வேனில் ஏறினார்கள். சின்னக்கை மடியில் போனை வைத்துக்கொண்டாள். முதலாளியிடம் இவன் மறுபடியும் எத்தனை வண்டிக்குத் தலையாட்டினானோ என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும். "உனக்காக வேலையையே விட்டுட்டு வந்திருக்கேன் தெரியுமா" என்று டார்ச்சுக்கு நாக்கு நுனி வரை வந்தது. இங்கே நான் அவனை நம்பாமல் பேனாவை இறுகப் பிடித்தேன். சொல்லியிருந்தால் அதுவும் அவள் தலையில் ஒரு கடனாக விழுந்திருக்கும். நல்ல வேளை, விழுங்கிவிட்டான்.

காது மெஷின் கடை இருக்கும் தெருவின் முனையில் வண்டியை ஓரங்கட்டினான். கடைக்குள் விளக்கு எரிந்தது. யாரோ ஒருவர் மேஜைமேல் குனிந்திருந்தார். இன்ஜினை அணைத்தான்.

"உனக்கு என்ன செய்யணும்னு இருக்கு?" என்று கேட்டான். "நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்."

அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்.

அவள் என்ன சொன்னாள் என்று அக்கா கேட்டாள். தெரியாது என்றேன். நீதானே எழுதுகிறாய் என்றாள். எழுதிப் பார்க்காமல் இல்லை. போகிறேன் என்று சொன்ன ஒரு பிரதி மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. இருக்கிறேன் என்று சொன்ன பிரதியும் கிடக்கிறது. பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று பஞ்சாயத்துப் பேசி எழுதிய ஒன்று கூட உண்டு. அதைத்தான் முதலில் கிழிக்க வேண்டும். மூன்றையும் படித்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. அவளைக் கேட்காமல் அவள் கைக்கு வாக்குக் கொடுப்பதைத்தானே நானும் செய்துகொண்டிருக்கிறேன்? அவன் ஒரு தடவை செய்தான். நான் மூன்று தடவை.

உங்களுக்கும் இந்நேரம் ஒரு பதில் தோன்றியிருக்கும். தோன்றட்டும், தப்பில்லை. தயவுசெய்து அவளுக்காக அதைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்து இருக்கையில் டார்ச் உட்கார்ந்திருக்கிற மாதிரி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.

சின்னக்கை போனைப் பையில் வைத்தாள். கடையைப் பார்த்தாள். அவன் விரல் கட்டைப் பார்த்தாள். பிறகு நேராக அவனைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"வருது," என்றாள்.

டார்ச் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தான்.

"இருக்கேன்."